வேண்டாமும் வேணுமும்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையில் இருக்கிறது எங்கள் மாடிக் கட்டடம். வாசலில் காவலுக்கு நின்றவர் பழைய இராணுவச் சிப்பாய், சிங்களவர், கொலன்னாவையிலிருந்து பஸ்ஸில் வருவார். வன்னியில் கடமையில் இருந்தபோது தமிழ் பழகியவர். சோதனைச்சாவடித் தமிழ்: "இறங்குங்க", "ஐசி எடுங்க". அந்தத் தமிழுக்கு முன்னால் நானும் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றிருக்கிறேன். ஆகவே அவரை எனக்குப் பிடித்திருந்தது என்று எழுதினால் பொய்.

எதைச் சொன்னாலும் "ஓம் சேர், ஓம்" என்பார். சொன்னதில் பாதி நடக்கும், பாதி நடக்காது.

"ஆமிக்காரனுக்குத் தமிழ் கேக்காது" என்று லிஃப்டில் சிரிப்பார்கள். "சிங்களத்தில ஏசிப் பாருங்கோ, உடன கேக்கும்."

வெசாக் முடிந்த செவ்வாய்க்கிழமை மின்சாரம் நின்று, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடி அம்மா இன்டர்கொமில் அவரிடம் சொன்னார்: "மருமகன் வந்தால் மேல விட வேண்டாம்." அந்த அம்மாவின் மகள் புருஷனின் அடி தாங்காமல் தாயிடம் வந்திருந்தாள்.

"ஓம் அம்மா" என்றார் காவலாளி.

பின்னேரம் மருமகன் வந்தான். இவர் கேற்றைத் திறந்து, லிஃப்ட் பொத்தானையும் தானே அழுத்தி அனுப்பிவைத்தார். கதவை உதைக்கிற சத்தம் கேட்டு நாங்கள் படியில் கூடினோம். அவன் போன பிறகும் அந்த மகள் குளியலறைக் கதவைத் திறக்கவில்லை.

கீழே போய்க் கேட்டேன். அவர் முகம் வெளிறியிருந்தது. "அம்மா 'விட வேணும்' எண்டுதானே சேர் சொன்னது?"

பிறகு சிங்களத்தில் விவரமாகச் சொன்னார். பதுங்குகுழிக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்த நாளிலிருந்து இப்படித்தானாம். சத்தம் எல்லாம் வரும், அதற்குள் இருக்கிற சொல் வராது. நடிக்கிறார் என்று மனைவியே ஏசுவாளாம்.

கட்டடக் குழு அவரை நிறுத்துவதாக இருந்தது. அந்த வயதில் வேறு யாரும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். குழுவிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பொரளையில் ஒரு கிளினிக்குக்கு அவரைக் கூட்டிப்போனேன். சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் இருந்துகொண்டு, மிக மெல்லிய ஒலிக்கும் கையை உயர்த்தினார். காது நோர்மல் என்று எழுதித் தந்தார்கள்.

சோதித்த பெண் நல்லவள். வெளியே வந்து எனக்கு விளக்கினாள். காதில் பழுதில்லை, இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்க மூளை தடுமாறுகிறது, வெடிச்சத்தத்துக்குள் இருந்தவர்களுக்கு இது வருவதுண்டு. முகத்தைப் பார்த்துக் கதையுங்கள், ஃபேனை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள், ஒன்றைப்போல் ஒன்று ஒலிக்கும் சொற்களைத் தவிருங்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். செயலாளர் என் கையிலிருந்த தாளை வாங்கி, ஒரு சொல்லை மட்டும் வாசித்தார்.

"நோர்மல். நீங்களே எழுத்தில வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள். அப்ப கேட்டுக்கொண்டுதானே விட்டிருக்கிறான்?"

இலேசான ஒரு வழி இருக்கிறது என்றேன். வேண்டாம் என்பதற்குச் சிங்களத்தில் 'எப்பா' என்று சொன்னால் போதும்; அது வேணும் என்று கேட்காது.

"எங்கட பில்டிங்கில, எங்கட சல்லியில நிக்கிறவனுக்கு நாங்கள் சிங்களம் கதைக்க வேணுமோ?"

"சலூட்டும் அடிப்பம், அண்ணை!" என்றார் பின்னால் இருந்த ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். காலையில் மார்க்கெட்டில் மீன்காரனிடம் பத்துத் தரம் 'எப்பா' சொல்லிவிட்டு வந்தவர்கள். மூன்றாம் மாடி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் செயலாளர் கேற்றடிக்குப் போனார். மருதானைப் பக்கம் போகிற ரயில் கடந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தவர் திருப்தியாக இருந்தார்.

"நாளையில இருந்து வர வேண்டாம் எண்டன். 'ஓம் சேர்' எண்டான். எதிர்த்து ஒரு கதை இல்லை. பிழை அவனில எண்டு அவனுக்கே தெரியும்."

திங்கட்கிழமை காலை பால் வாங்க இறங்கினேன். கேற்றில் இரண்டு காவலாளிகள் நின்றார்கள். ஒருவர் செக்கியூரிட்டி கம்பனி அனுப்பிய புது ஆள். மற்றவர் இவர், சட்டை மடிப்புக் கலையாமல், சாப்பாட்டுப் பார்சலோடு. உதவிக்கு ஆள் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, புதியவருக்கு எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று காட்டிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும், "குட் மோர்னிங், சேர்!"

நான் அவருடைய அறைக்குள் போய் ஃபேனை நிறுத்தினேன். ஒரு பஸ் போகும்வரை பொறுத்தேன். முகத்துக்கு நேரே நின்று, இனி வேலைக்கு வரவேண்டாம் என்பதைச் சிங்களத்தில் சொன்னேன். 'எப்பா' என்ற சொல்லில் வசனம் முடிந்தது.

முதல் தரத்திலேயே விளங்கிவிட்டது. ஓம் என்று அவர் சொல்லவில்லை.