தேயிலைக் கம்பெனிக்கு விழுந்த சீட்டு

வற்றல் மிளகாய் நெடி...

ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்கள் ஆபீஸ், மாடியில். கீழே மிளகாய் மண்டி. அங்கே மூட்டை பிரித்தால் மேலே எனக்குத் தும்மல் ஆரம்பித்துவிடும். தும்மிக்கொண்டேதான் டைப் அடிப்பேன்.

யுத்தம் முடிந்திருந்த சமயம். எனக்கு இருபது வயது. டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிய கையோடு ஒரு ஷேர் புரோக்கரிடம் வேலை கிடைத்தது. முதலாளி திருநெல்வேலிக்காரர். மெட்ராஸிலிருந்து தந்தியில் விலை வரும், அதை வைத்து வியாபாரம். கோட்டைக்குள் அக்ரஹாரத்திலிருந்து ஆபீஸுக்குப் போகிற பெண் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சம் என்ன, நிறையவே.

ஷேர் வாங்கியவர்கள் கடிதம் எழுதுவார்கள். மிளகு வியாபாரி எழுதினாலும் பள்ளிக்கூட வாத்தியார் எழுதினாலும் கேள்விகள் அதேதான். இப்போது விற்கலாமா, காத்திருக்கலாமா? விலை இறங்கினால் இன்னும் கொஞ்சம் வாங்கலாமா? டிவிடெண்டைச் செலவழிக்கலாமா? எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில் போடலாமா?

முதலாளியின் பதிலும் ஒன்றுதான். "கம்பெனி நல்ல கம்பெனி. பொறுமை தேவை." அதையே நாள் முழுக்க அடித்து அடித்து, கையெழுத்து மட்டும்தான் அவருடையது, ஞானம் என்னுடையது என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் தெருவில் மகாதேவன் மாமா. சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். மாமி இல்லை. ஒரே பெண் விசாலம், என்கூடப் படித்தவள், மெட்ராஸில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்புக்கென்று மாமா கையில் இருந்ததையெல்லாம் நாலு கம்பெனியில் பிரித்துப் போட்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"கோமு, உன் முதலாளி அந்தத் தேயிலைக் கம்பெனியை ரொம்ப விசேஷமா சொல்றார். மத்த மூணையும் வித்துட்டு எல்லாத்தையும் அதுல போடட்டுமான்னு கேட்டா, யோசிச்சுப் பண்ணுங்கங்கறார். எனக்கு ஒண்ணும் மனசிலாகல்லே. நீ என்ன சொல்றே?"

"போடலாம் மாமா. நல்ல கம்பெனியாக்கும்."

மாமா சிரித்தார். "அவர் சொன்னதைத்தானே நீயும் பறயறே. பகவான்கிட்டயே கேட்டுடலாம். ரெண்டு சீட்டு எழுது. ஒண்ணுல 'இருக்கட்டும்'னு. இன்னொண்ணுல 'தேயிலை'ன்னு. நான் பார்க்கப்படாது."

வரன் பார்ப்பதோ, வீடு வாங்குவதோ... மனசு ஒரு பக்கம் நிற்காவிட்டால் எங்கள் தெருவில் இதுதான் வழக்கம். சீட்டு எழுதிப் பெருமாள் படத்துக்கு முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பார்கள். எது வந்ததோ அது பெருமாள் வாக்கு. அதற்கு அப்பீல் கிடையாது.

மாமா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதினேன். முதல் சீட்டில் 'தேயிலை'. இரண்டாவதைக் கையில் எடுத்தேன்... பெருமாளுக்கு ஷேர் மார்க்கெட்டைப் பற்றி என்ன தெரியும் என்று தோன்றியது. அதிலும் 'தேயிலை' என்றே எழுதினேன்.

கெட்ட எண்ணம் இல்லை. விசாலம் டாக்டராகி வந்து இறங்கும்போது, அதற்கு நானும் ஒரு காரணம் என்று எனக்குள் நினைத்துக்கொள்ளலாமே என்று ஓர் ஆசை. இதைச் சொல்லும்போதே வெட்கமாக இருக்கிறது.

மாமா குளித்துவிட்டு வந்து, கண்ணை மூடி ஒரு சீட்டை எடுத்தார். பிரித்துப் படித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மற்றதை நான் எடுத்துவந்து எங்கள் வீட்டு அடுப்பில் போட்டேன்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வித்துராவுக்கு மேலே மலையில் இருப்பதாகச் சொன்ன எஸ்டேட்டில் பாதிக்கு மேல் வெறும் காடு என்று தெரிந்தது. தேயிலை எல்லாம் கம்பெனி அச்சடித்த காகிதத்தில்தான் வளர்ந்திருந்தது. ஷேரைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. முதலாளி ஆபீஸைப் பூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்.

விசாலம் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பி வந்தாள். ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தாள்.

மாமாவைப் பார்க்கப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன், சத்தியமாக. வாசலிலேயே அழுகை வந்துவிட்டது.

"நீ எதுக்குடீ அழறே? நீயா சொன்னே? அவனாக்கும் சொன்னது" என்று பெருமாள் கோவில் இருந்த திசையைக் கையால் காட்டினார்.

வாய் வரைக்கும் வந்தது... முழுங்கிவிட்டேன்.

ஒரு நாள் தவறாமல் விடியற்காலையில் நடை திறந்ததும் நிர்மால்யம் தொழப் போனவர், அதற்கப்புறம் கோவில் வாசலை மிதிக்கவில்லை. பெருமாளைத் தீர்த்தமாட எடுத்துப்போகிற ஆராட்டு ஊர்வலம் தெருவழியாகப் போகும்போது எல்லா வீட்டு வாசலிலும் கூட்டம் நிற்கும். மாமா வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருக்கும். சாகிறவரைக்கும் அப்படித்தான். பெருமாள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நம்பியே போய்ச் சேர்ந்தார்.

நான் வெள்ளிக்கிழமைதோறும் அதே கோவிலுக்குப் போய்க் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது பேரன் போனிலேயே வாங்குகிறான், போனிலேயே விற்கிறான். கேள்விகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. விற்கலாமா, வைக்கலாமா, எல்லாம் ஒன்றிலேயே போடலாமா... யோசனை சொல்கிறவர்கள் அடியில் பொடி எழுத்தில் 'நாங்கள் பொறுப்பல்ல' என்று போட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு எனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. பழியை ஏற்றுக்கொள்ளப் பெருமாள் இருந்தார்.

விசாலத்திடமாவது சொல்லியிருக்கலாம். எழுபது வருஷத்துக்கு மேல் சிநேகிதம். எத்தனை மத்தியானம் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறோம்.

போன மாசம் அவள் பெண் போன் செய்தாள்.

"அம்மா போயிட்டா மாமி. கோமு எனக்கு எதையும் மறைச்சதில்லேன்னு நர்ஸ்கிட்டல்லாம் உங்களைப் பத்தித்தான் சொல்லிண்டிருந்தா."

எனக்குத் தொண்ணூற்று மூன்று வயது. சொல்ல வேண்டியவர்கள் யாரும் இல்லாமல் போனபிறகு, உங்களிடம் சொல்கிறேன்.