ஐயாவுக்கு வாங்கிய றேசர்

ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது, அவரைப் பார்க்கும் வேலைகளை வீட்டில் பங்கு போட்டுக்கொண்டோம். சாப்பாடு ஊட்டுவது அம்மா. தூக்கி இருத்துவதும் குளிக்க வார்ப்பதும் பக்கத்து வளவில் இருந்த சித்தப்பா. முகம் வழிப்பது மட்டும் ஒருவர் பங்கிலும் சேராமல் கிடந்து, கடைசியில் என் தலையில் விழுந்தது. கலியாணம் கட்டாமல் வீட்டில் இருப்பவளின் தலை எல்லாவற்றுக்கும் தோதான தலை.

அதுவரை ஐயா தன் கையால் முகம் வழித்தவரில்லை. குடிமகன் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த சவரத்தொழிலாளி அனலைதீவில் வீடு வீடாக வருவார். எங்கள் வேப்பமரத்தடியில் ஐயாவை இருத்தி, வெள்ளி செவ்வாய் பார்த்து விலக்கி, வழித்துவிட்டுப் போவார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஊர்காவற்றுறையில் சலூன் போட்டார். வேண்டியவர்கள் வந்து கதிரையில் இருக்கட்டும் என்று சொன்னாராம். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி என்று எனக்குப் பட்டது. ஐயாவுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஐயா விழுந்துவிட்டார்.

தாடியோடு கிடக்க ஐயாவால் முடியவில்லை. எங்கள் பக்கத்தில் தாடி வளர்ப்பவன் துடக்குக்காரன், வீட்டில் செத்தவீடு நடந்தவன். ஐயா இடக்கையால் நாடியைத் தடவித் தடவி, "நான் இன்னும் சாகேல்லை" என்று கோணிய வாயால் சொல்லுவார். அவருக்குப் பேச்சு முழுதாகப் போகவில்லை. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

கொழும்பில் வேலை பார்த்த அண்ணன் விட்டுப்போன பழைய றேசரால் நான் தொடங்கினேன். சீப்புப்போலப் பல் வைத்த றேசர். ஒரு பல் வளைந்திருந்தது. வெளிநாட்டுச் சாமான் கண்ணில் படாத காலம் என்பதால் பிளேட்டும் உள்ளூர்ப் பிளேட். ஒரு தரம் வழித்தால் கூர் போய்விடும். கண்ணாடித் தம்ளரின் உட்பக்கத்தில் விரலால் அமத்தித் தேய்த்துத் தேய்த்து மறுபடியும் உயிர் கொடுப்பேன். ஐயாவின் வலக்கன்னம் உணர்ச்சி இல்லாமல் தொங்கியது. அதில் வெட்டினால் அவருக்குத் தெரியாது, இரத்தத்தைப் பார்த்து எனக்குத்தான் தெரியவரும். அந்தப் பயத்திலேயே நான் கெட்டிக்காரியாகிவிட்டேன். இரண்டு மாதத்தில் ஒரு கீறல் இல்லாமல் வழிக்கப் பழகினேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஐயாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்ரை கை இல்லாட்டில் ஐயாவின்ரை பாடு என்ன?" என்று என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கு அந்தப் புகழ் பிடிக்கவில்லை.

ஏனென்றால், தைமாதம் பயிற்சிக் கலாசாலைக்கு வரும்படி எனக்கு அறிவித்திருந்தார்கள். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும். முடித்தால் ஆசிரியை. எந்த ஊரில் போட்டாலும் போவேன், நாலு பக்கமும் கடல் தெரியாத ஊராக இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போகாவிட்டால் என் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். இதற்கு நடுவில் நின்றது ஐயாவின் தாடி ஒன்றுதான். சித்தப்பா கத்தியைக் கண்டாலே வியர்ப்பவர். மிஞ்சியது அம்மா. அம்மாவின் கை பயந்த கை.

பயந்த கையாலும் வழிக்கக்கூடிய சாமான் ஒரு செற் தேடிக் கண்டுபிடித்தால் நான் தப்பினேன். அப்படித்தான் கணக்குப் போட்டேன். கார்த்திகை மழைக்கு இடையில் ஒரு நாள் படகேறி ஊர்காவற்றுறைக்குப் போனேன்.

கடைக்காரர் மூன்று றேசர்களை மேசையில் வைத்தார்.

"ஆருக்குத் தங்கச்சி?"

"ஐயாவுக்கு. ஆனால் வழிக்கப்போறது அம்மா. கை நடுங்கும். அதுக்கு ஏற்றதாப் பாத்துத் தாங்கோ அண்ணை."

"அப்ப இந்த மெல்லிசு வேண்டாம். பாரமில்லாததைப் பிடிச்சால் அமத்தச் சொல்லும். அமத்தினால் வெட்டும். இதைப் பிடிச்சுப் பாரும்."

அது கப்பலில் வேலை பார்த்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்த றேசர். கையில் நல்ல பாரம். பல் இல்லை, விளிம்பு மழமழவென்று நேராக இருந்தது. பிடியைத் திருகினால் தலை இரண்டு கதவுபோலத் திறந்து பிளேட்டை வாங்கிக்கொள்ளும். தன் பாரத்திலேயே கன்னத்தில் இறங்கும், நாங்கள் வழிநடத்தினால் போதும். அதையே எடுத்தேன். பிரஷ் இரண்டு இருந்தது. பன்றிமயிர் பிரஷ் குத்தியது. மற்றது அணில் வாலைப்போல மெத்தென்று இருந்தது, அதை எடுத்தேன். சவர்க்காரம் கிண்ணத்தில் வருவதை விட்டுவிட்டு, முகத்திலேயே உரசக்கூடிய குச்சிச் சவர்க்காரம் வாங்கினேன். அம்மாவுக்கு வேலை ஒன்று குறையுமே. என் கலியாணக் கூறைச் சேலைக்குக்கூட நான் இவ்வளவு நேரம் நின்று தெரிவு செய்திருக்கமாட்டேன்.

திரும்பும் படகில் பையிலிருந்து பிரஷ் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஊர்க்காரப் பெண் ஒருத்தி அதைக் கண்டாள். எங்கள் ஊரில் ஆம்பிளையள் குடிமகனிடம் வழிப்பவர்கள். சேவிங் செற் என்பது உத்தியோக மாப்பிள்ளைக்குப் பெண்வீட்டார் வாங்கி வைக்கும் சாமான்.

"மாப்பிள்ளை எந்த ஊர், பிள்ளை?"

"மாப்பிள்ளை ஒருத்தரும் இல்லையக்கா. ஐயாவுக்கு."

"எங்களுக்கு ஒளிக்கிறாய், என்ன?"

படகு கரையைத் தொடுவதற்குள் எனக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது. பின்னேரம் அம்மாவிடம் மூன்று பேர் வந்து விசாரித்தார்கள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை என்றுகூட ஒருத்தி சொன்னாள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி ஒருவன் இருந்தால் முகம் எப்படி இருந்தாலும் அவனோடு கப்பலேறியிருப்பேன்.

என் முன்கையில் சவர்க்காரம் பூசி அம்மாவைப் பழக்கினேன். பிளேட் இல்லாமல் முதலில், பிறகு பிளேட்டோடு. அம்மா நன்றாகவே பழகினார். பயமும் பாதி போய்விட்டது. ஆனால் ஐயாவின் முகத்துக்குப் போனதும் முதல் நாளே வெட்டிவிட்டது. பிளேட்டில் பிழை என்று நினைத்து அண்ணனுக்குச் சொல்லி அனுப்பி, கொழும்பில் எங்கோ தேடி வெளிநாட்டுப் பிளேட் எடுப்பித்தேன். அடுத்த தரமும் வெட்டியது. நுரையில் பிழை என்று நினைத்தேன். எங்கள் கிணறு உவர். அதில் நுரை நிற்காமல் உடையும். அதற்காக நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து செம்பில் கொண்டுவந்து சூடாக்கிக் கொடுத்தேன். நுரை தயிர்போல நின்றது. அப்படியும் வெட்டியது. மார்கழி முழுக்க நான் தண்ணீர் மாற்றினேன், சவர்க்காரம் மாற்றினேன், ஐயாவின் கதிரையை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அம்மா, "என்னாலை ஏலாது பிள்ளை, விடு" என்று அழுதார். நான் அம்மாவோடு எரிந்து விழுந்தேன்.

விடுதிக்குப் போவதற்கு முதல் கிழமை, பெட்டியை அடுக்கி முடித்துவிட்டு, அம்மா வழிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உணர்ச்சியில்லாத வலக்கன்னத்தை அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு வழித்தார். ஒரு கீறல் இல்லை. இடப்பக்கத்துக்கு வந்தார். றேசர் தாடையின் வளைவில் இறங்கும்போது ஐயா தலையைச் சுருக்கென்று பிளேட்டுக்கு எதிராகத் திருப்பினார். நுரையில் சிவப்பு வந்தது.

அப்போதுதான் முன்னைய காயங்களைப் பார்த்தேன். எல்லாம் இடப்பக்கத்தில். வலப்பக்கத்தில் பிளேட் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. இடப்பக்கத்தில் தெரியும்.

"ஐயா, வேணுமெண்டே திருப்பினனீங்கள்?" என்று கேட்டேன்.

அம்மா என் வாயைப் பொத்த வந்தார்.

"ஓம்" என்றார் ஐயா. ஒரு மூச்சு வாங்கி, "நீ போனால்... வரமாட்டாய்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் றேசரைத் தூக்கிக் கிணற்றுக்குள் எறிந்திருக்கவேண்டும். எறியவில்லை. அவர் சொன்னது உண்மை. நான் திரும்பி வருகிற எண்ணத்தோடு பெட்டி அடுக்கவில்லை. அது அம்மாவுக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியாது, அரைவாசி உடம்பு செத்துக் கிடந்த இந்த மனிதருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அம்மாவின் கையிலிருந்து றேசரை வாங்கினேன். இரத்தத்தைத் துடைத்து, புதிதாக நுரை பூசி, மிச்சக் கன்னத்தை வழித்தேன். ஐயா அசையவே இல்லை.

என் இடத்துக்கு அந்தத் தைமாதம் வேறு ஒருத்தி போனாள். ஐயா அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் இருந்தார். கடைசிவரை நான்தான் வழித்தேன், ஒரு தரமும் வெட்டவில்லை. வெட்டவேண்டும் என்று கை உன்னிய காலைகள் எத்தனையோ.