எண்ணெய் குறையாத பிக்கப்

சாவி மச்சானின் கையில் இருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளே, உங்கள் மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான்.

அந்தப் பழைய டீசல் பிக்கப்பை, கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் வீட்டாரிடம் அவர் வாங்கியிருந்தார். ஒலுவிலில் மீன் ஏற்றிக் கல்முனைச் சந்தையில் இறக்குவார். நிறுத்திய இடமெல்லாம் மணலில் எஞ்சின் எண்ணெய் சொட்டிக் கிடக்கும். ஆனால் உள்ளே எண்ணெய் குறைவதில்லை. அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தால், முந்தின முறையைவிட ஏறித்தான் நிற்கும். மச்சான் அதைப் பரக்கத் என்று நம்பினார். அல்லாஹ் பெருக்கித் தருவதை அளந்தால் நின்றுபோகும் என்று நம் வீடுகளில் அரிசியைக்கூட அளந்து பார்க்கமாட்டோமே, அப்படி அந்தக் கம்பியைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

உங்கள் உம்மா மூத்தவனைப் பெற்று நாற்பது நாள் கழிந்த கிழமை அது. நண்பகல் லுஹர் தொழுதுவிட்டுத் தாயையும் பிள்ளையையும் அந்த வண்டியில் ஒலுவிலில் சொந்தங்களைப் பார்க்கக் கூட்டிப்போக ஏற்பாடு. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒழுகும் இடத்தையாவது கண்டுபிடிப்போம் என்றேன்.

"பாரு. ஆனா கம்பில கைய வெச்சிராத மச்சான், பரக்கத்துப் போயிரும்."

"அது மணலுக்குள்ளதானே போய்க்கிட்டு இரிக்கி."

"உன்ட வாயில மண்ணப் போட!" என்று சிரித்தார்.

எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவி, காய்ந்ததும் பிள்ளையின் பவுடரை மேலெல்லாம் தூவினேன். ஓடவிட்டால், கசியும் இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுக்கும். வெள்ளையாகக் கிடந்ததை மச்சான் பார்த்தார். "குளிப்பாட்டி வெச்ச மையத்து மாதிரி இரிக்கிடா" என்றார். அதன்பிறகு சிரிக்கவில்லை.

ஓடவிட்டு, இறங்கி என்னருகே வந்தார். எஞ்சினின் பின்பக்கம் ஒரு கோடு கறுத்தது. நான் குனிந்து பார்க்கையிலேயே சத்தம் ஏறியது. நிமிர்ந்தேன். இருக்கையில் ஒருவருமில்லை. யாரோ ஆக்சிலரேட்டரை மிதிப்பதுபோல் வண்டி அலறியது. மச்சான் ஓடிப்போய்ச் சாவியை உருவினார். நிற்கவில்லை. புகை வீட்டு வளவை மூடியது.

"கடலுக்குப் போன அந்த மனிசன்தாண்டா!" என்றவர் ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்கள் உம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். "உள்ளுக்குப் போ புள்ள!" என்று கத்தினேன். அந்த வெறும் இருக்கையில் ஏற எனக்குக் கால் வரவில்லை. ஏறினேன். பிரேக்கை அழுத்தி, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டேன். வண்டி ஒருமுறை உலுக்கி அடங்கியது. கடல் இரைவது கேட்டது.

பிறகு கம்பியை இழுத்தேன். எண்ணெய் பிளேன்டீபோல் தண்ணீராய் வழிந்தது, டீசல் மணம். டீசல் பம்பின் உள் சீல் தேய்ந்து, டீசல் எண்ணெயோடு கலந்து பெருகியிருந்தது. மிஞ்சியது எஞ்சின் காற்றை இழுக்கும் குழாய்க்குள் ஏறியிருக்கிறது.

"சாவிய எடுத்தாப் பொறகு எதத் திண்டு ஓடின?" என்று மச்சான் கேட்டார்.

"தன்ட எண்ணெயத்தான், காத்தோட இழுத்து. இவங்க ஏறி, நடு ரோட்டுல இப்பிடி ஆகியிருந்தா?"

மச்சான் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்தபடி பஸ் வரும் வீதிக்கு எங்களுக்கு முன்னே நடந்தார்.

சீல் மாற்றிய அந்த வண்டியை இன்றும் ஓட்டுகிறார். காலையில் கம்பியைப் பார்க்காமல் எடுப்பதில்லை. ஆனால் கதவைத் திறந்ததும், வெறும் இருக்கைக்கு ஸலாம் சொல்லித்தான் ஏறுவார். சீல்தான் காரணம் என்று தெரிந்தும் ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "அவருக்குத் தெரியுமா?"