நாகவல்லியின் கேம்ப் பை

தங்கராஜுக்கு முப்பத்தோரு வருஷமும் ஜீப்தான் பிழைப்பு. அரசாங்க அலுவலகம் ஒன்றில் டிரைவர். அதிகாரி எங்கே கேம்ப் போகிறாரோ அங்கே அவரும் போயாக வேண்டும். இன்றைக்குத் தருமபுரி, நாளைக்கு ஓசூர், அதற்கப்புறம் எந்த ஊர் என்று அதிகாரிக்கே தெரியாது. சேக்காட்டில் அவர்கள் வீட்டில் கேம்ப் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: தங்கராஜ் கிளம்புகிறார், மனைவி நாகவல்லி பை கட்டுகிறாள்.

அந்தப் பையை நாகவல்லி கண்ணைக் கட்டிவிட்டாலும் கட்டிவிடுவாள். லுங்கி, துண்டு, பல்பொடி, பிரஷர் மாத்திரை, பொத்தான் அறுந்தால் தைக்க ஊசி நூல், மலைப்பாதையில் வாந்தி வந்தால் முகர எலுமிச்சம்பழம். பழம் எப்போதும் இரண்டு. ஒன்று அதிகாரிக்கு. கட்டி முடித்ததும் வாசல் வரை வந்து கொடுப்பாள். அவர், “போய்ட்டு வரேன்மே” என்பார். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். இப்படியே ஒரு ஆயுசு ஓடிப்போயிற்று, யாரும் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை.

தை மாதம் ஓய்வு பெற்றார். முதல் மாதம் தூங்கினார். இரண்டாம் மாதம் தண்ணீர் மோட்டார் போடுகிற நேரம் பற்றி எதிர்வீட்டு வரதனோடு வாய்ச்சண்டை போட்டார். மூன்றாம் மாதம்தான் மனசுக்குள் ரொம்ப நாளாகக் கிடந்த ஆசை எழுந்து உட்கார்ந்தது.

ஆசை வேறொன்றுமில்லை. பல வருஷம் முன்பு ஜவ்வாது மலையில் ஒரு கேம்ப். பயணியர் விடுதியில் ஒரே அறை, அது அதிகாரிக்கு. தங்கராஜ் வெளியே தார்ப்பாயை விரித்துப் படுத்தார். அண்ணாந்து பார்த்தவருக்குத் தூக்கம் போய்விட்டது. இத்தனை நட்சத்திரமும் இத்தனை நாளாக எங்கே ஒளிந்திருந்தது என்று கோபமே வந்தது. சேக்காட்டில் தெரிவது ஏழோ எட்டோ, அதிலும் இரண்டு விமானம். பக்கத்தில் நாகவல்லி இல்லையே என்று அன்றைக்கு அவருக்கு ஏக்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, “மலையில ஒரே நட்சத்திரம்மே” என்றார். அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். “அப்டியா? அழுக்குத் துணிய எடுத்துப் போடு, ஊற வெக்கணும்” என்றாள். பேச்சு அங்கேயே முடிந்துபோனது.

அந்த வானத்தை அவளுக்குக் காட்டிவிட வேண்டும். அவருக்கு இப்போது அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

மகள் ராதிகாவிடம் சொன்னார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள், பழைய கார் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். அவளுக்கு ஒரே குஷி. ஆபீஸ் சிநேகிதியிடம் இரண்டு டெண்ட் இரவல் வாங்கினாள். ஒன்று தனக்கு, ஒன்று அப்பா அம்மாவுக்கு. மலையில் ஒரு தோட்டக்காரர் டெண்ட் போட இடம் விடுகிறார் என்று தேடிப் பிடித்துச் சொல்லியும் வைத்தாள். சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு திரும்புவது என்று முடிவானது.

அந்த வாரம் முழுக்கத் தங்கராஜைப் பிடிக்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் இன்னொருவர் கேம்புக்கு வண்டி ஓட்டியவர், முதல் தடவையாகத் தானே அதிகாரி. மொட்டை மாடியில் டெண்டை விரித்தார். எந்தக் கம்பி எதற்குள் நுழையும் என்று அரை மணி நேரம் மல்லாடினார். ஒரு வழியாக எழுப்பி நிறுத்தியபோது காற்றடித்து அது தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் புறப்பட்டது. கயிறு போட்டுத் தொட்டியோடு கட்டினார். எதிர்மாடியிலிருந்து வரதன், வீட்டைக் காலி பண்ணிவிட்டு மாடிக்கே குடிவந்துவிட்டீர்களா என்று கேட்டார். மோட்டார் சண்டையை மறந்துவிட்டுத் தங்கராஜ் பெருமையாகச் சொன்னார், “நாங்க கேம்ப் போறோம் நைனா.”

வற்றல் காயவைக்க வந்த நாகவல்லி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

டார்ச்சுக்கு பேட்டரி, கொசுவத்தி, சின்ன கேஸ் அடுப்பு, பாய், தார்ப்பாய் என்று கூடம் நிறைந்தது. டெண்டுக்குள் படுத்துப் பார்த்து, நாகவல்லிக்கு இடுப்பு வலிக்கும் என்று மெத்தைக் கடைக்குப் போய்க் கனமான விரிப்பு ஒன்று வாங்கி வந்தார். அவளிடம் எதையும் விளக்கவில்லை. பார்க்கிறாளே, தெரியாதா என்ன என்று நினைத்துக்கொண்டார். தலைக்கு மேல் வானத்தைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி மலரும் என்பதை மட்டும் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். அதில் ஒரு தடவைகூட அவள் உளுந்து களையவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் கட்டி முடிந்தது. ராதிகா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. கூடத்தில் அவருடைய நீல ரெக்ஸின் பை, பக்கத்தில் ராதிகாவின் முதுகுப் பை, சாப்பாட்டுக் கூடை. கூடையைத் திறந்து பார்த்தார். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர்.

“உன் பை எங்கமே?”

“எனக்கு எதுக்குயா பை?” என்றாள் நாகவல்லி. மாவு வழித்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கேம்ப்பு நீங்கதானே போறீங்க? நாளைக்கு நா வெறால் கருவாடு வறுக்கப் போறேன். நீ இருந்தா நாத்தம்னு மூக்கப் புடிப்ப.”

தங்கராஜுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை நாள் இந்தக் கூத்தெல்லாம் யாருக்காக அடித்தேன் என்று சத்தம் போட்டார். அவளும் விடவில்லை. வரதனிடம் ‘நாங்க போறோம்’ என்றாய், ராதிகா வந்து ‘நாங்க காலையில் எட்டு மணிக்குக் கிளம்புறோம்’ என்றாள், அந்த ‘நாங்க’வில் நான் இருக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றாள். தட்டு எத்தனை வேண்டும் என்று உன் மகளைக் கேட்டபோது அவள் போனில் இருந்தாள், உங்கள் இரண்டு பேருக்கும் எடுத்து வைத்தேன் என்றாள்.

“என்ன வான்னு நீ கூப்ட்டியா?” என்று கடைசியில் கேட்டாள். குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தங்கராஜ் யோசித்துப் பார்த்தார். மகளிடம் சொன்னார், மெத்தைக் கடைக்காரரிடம் சொன்னார், எதிர்வீட்டில் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை. இந்த வாரம் மட்டுமில்லை, எந்த வாரமும் சொன்னதில்லை.

உள்ளே போய்ப் பரண் மேலிருந்து ஒரு துணிப் பையை இறக்கினார். உனக்கு நானே கட்டுகிறேன் என்று பீரோவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எந்தப் புடவை வெளியூருக்கு, எது வீட்டுக்கு என்று தெரியவில்லை. குளிருக்கு என்ன போர்த்துவாள் என்று தெரியவில்லை. ஒரு புடவையை எடுத்தார், அது ராதிகாவுடையது என்று வாசற்படியிலிருந்து நாகவல்லி சொன்னாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தாள்.

அடித்தட்டில் துணிக்கு அடியில் ஒரு மருந்துக்கடை கவர் இருந்தது. உள்ளே மாத்திரை அட்டைகள், பாதி தீர்ந்தவை.

“இது இன்னாமே?”

“சுகர் மாத்திரை.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். ரெண்டு வருசமாச்சி.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். “நீ கிருஷ்ணகிரி கேம்ப் போயிருந்த. இங்க கல்யாண மண்டபத்துல சுகர் கேம்ப் போட்டாங்க, ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. நானும் ஒரு தபா கேம்ப் போயிருக்கேன்யா.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தங்கராஜால் சிரிக்க முடியவில்லை. இரண்டு வருஷமாக அவள் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. அவருக்கு அது தெரியும். சிக்கனம் பிடிக்கிறாள் என்று நினைத்து, ஒருநாள் கேலியும் செய்திருக்கிறார்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நாலு நாள் கழிச்சி வந்த. கண்ணெல்லாம் செவந்து கெடந்துது. தூங்கட்டும், அப்பால சொல்லலாம்னு வுட்டேன். எழுந்ததும் மறுக்கா போய்ட்ட. அப்புறம் அப்டியே பழகிப் போச்சி.”

பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார் தங்கராஜ். வெட்கமாக இருந்தது. அவருடைய பிரஷர் மாத்திரை எந்த வேளைக்கு எது என்று அவளுக்கு மனப்பாடம். ஒரு கேம்பிலும் ஒரு மாத்திரை குறைந்ததில்லை. இவளுக்கு என்ன நோய் என்பதே இவருக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

“எத்தினி வேளை?” என்று கேட்டார்.

“காலைல ஒண்ணு, ராவுல ஒண்ணு. சாப்ட்டப்புறம்.”

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்டபின் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அட்டையை எடுத்துத் துணிப் பையின் உள் ஜிப்பில் வைத்து மூடினார். மூடிய பிறகும் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருஷம் அவளிடம் போய்ட்டு வரேன் என்று எத்தனையோ தடவை சொன்ன வாய்தான். இந்த ஒரு வார்த்தை வெளியே வர அத்தனை நேரம் பிடித்தது.

“நாம போலாம்மே,” என்றார். “நீ இல்லாம எனக்கு அங்க ஒண்ணும் இல்ல. எங்கூட வா.”

நாகவல்லி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் எடுத்துப் போட்ட ராதிகாவின் புடவையை மடித்துத் திரும்பப் பீரோவில் வைத்தாள்.

“இரு,” என்றாள். “எம் பொடவ மாடில காயுது. எடுத்துகினு வரேன்.”