ஓரம் வெட்டுவதற்குள் ஸ்ரீரங்கம்

போன ஆடியில் பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கம் போனேன். ஐந்து மைல்தான். ஊர் பார்க்கப் போகவில்லை. என் வீட்டுக்காரர் பைண்டு பண்ணக் கொடுத்திருந்த தொடர்கதைத் தாள்களைக் காப்பாற்றப் போனேன்.

நூறு வருஷத்துக்கு முன்னால், நைல் நதி எங்கே பிறக்கிறது என்று தேடிப் போன ஒரு வெள்ளைக்காரன் எழுதிய கதை அது. வாரப் பத்திரிகையில் தமிழில் வந்தது. அவர் தோல் மண்டி வேலை முடிந்து வந்து எனக்கு வாசித்துக் காட்டுவார். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பிறகு நானே வாசிக்கட்டும் என்று, கஷ்டமான சொல்லுக்கெல்லாம் ஓரத்தில் பென்சிலால் அர்த்தம் எழுதி வைப்பார். நடுவில் அவர் கோபமும் இருக்கும். "சுமை தூக்கினவன் பேரை எழுதலையே இவன்" என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறார். தாள்களைப் பைண்டரிடம் கொடுத்துவிட்டு வந்த அடுத்த வாரமே காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார்.

நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தேன், வாசல் தாண்டவில்லை. அது முடிந்த அன்றைக்கு அவர் பெயருக்குப் பைண்டர் கார்டு வந்தது. "தைத்தாகிவிட்டது. நாளை மறுநாள் ஓரம் வெட்டி அட்டை போடுகிறேன்." எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஓரத்தில்தானே அவர் பென்சில் எழுத்தெல்லாம் இருக்கிறது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாமியாரோடு பஸ் ஏறினேன். ஆளுக்கு இருபது பைசா. காவிரிப் பாலத்துக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது.

"ஆடிப் பதினெட்டு கூட்டம்ங்க. பஸ் இப்பப் போவாது, எறங்கி நடங்க" என்றார் கண்டக்டர்.

"ஏன், ஒன் பஸ்ஸும் காவேரியில முங்கப் போவுதா?" என்றார் மாமி.

பாலம் முழுக்கத் தலைகள். கீழே செம்மண் நிறத்தில் வெள்ளம் சுழன்றது. வெட்டியிருப்பானோ, வெட்டியிருப்பானோ என்றே நடந்தேன். மாமி என் முந்தானையை விடவில்லை. சித்திரை வீதிக் கடையை அடையும்போது மணி பத்தேகால்.

தாள்கட்டு வெட்டு மிஷினில் இருந்தது. பைண்டர் திருகை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"வெட்டாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

"யாரும்மா நீங்க? என் கை போயிருக்கும்!"

"பாலக்கரை, தோல் மண்டிக்காரர் வீடுங்க."

"அவர் வரலையா?"

மாமிதான் சொன்னார். "அவன் மௌத்தாயிட்டான்யா. நான் பெத்தவ."

பைண்டர் திருகைத் தளர்த்தினார். மேல்பக்கம் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. மாமி தரையில் உட்கார்ந்து விழுந்த காகித நறுக்கு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பென்சில் கோடு தெரியும். ஒன்றும் இல்லை.

"ஓரம் வெட்டலேன்னா பிசிறு பிசிறா நிக்குமேம்மா."

"நிக்கட்டுங்க."

பைண்டு பண்ணக் கொடுக்கிறவர்கள் "ஓரம் வெட்ட வேண்டாம்" என்று சீட்டு எழுதி மேலேயே ஒட்டிக் கொடுங்கள். ஆடிப் பதினெட்டில் ஸ்ரீரங்கம் போகிறவர்கள் ஏழு மணிக்குள் பாலத்தைத் தாண்டிவிடுங்கள்.

கதையின் கடைசி இரண்டு வாரத் தாள்களில் அவர் ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. நானே பத்து நாள் எழுத்துக்கூட்டி முடித்தேன். வெள்ளைக்காரன் பெரிய ஏரியைப் பார்த்துவிடுகிறான். அதற்கு முந்தின நாள் சுமைக்காரன் ஒருவன் காய்ச்சலில் சாகிறான். இரண்டே வரி. பெயர் இல்லை. அந்த ஓரத்தில் நான் எழுதினேன்: "இவன் பொண்டாட்டிக்கு யார் போய்ச் சொன்னது?"