ஒட்டுப்பாலோடு போன மீசை

என் மனைவி என்னை முதன்முதலாகத் ‘தாத்தா’ என்று கூப்பிட்டபோது எனக்கு அறுபத்து நான்கு வயது, அவளுக்கு அறுபத்தொன்று. எங்களுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. அந்தப் பதவியை எனக்கு முதலில் கொடுத்தவள் அவள்தான்.

மலேசியாவில் சுங்கைப்பட்டாணியில், தாமான் என்று சொல்லும் குடியிருப்பிலுள்ள எங்கள் வீட்டின் முன்கூடத்தில், கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் சோற்றுத் தட்டை நீட்டினேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மரியாதையாகக் கும்பிட்டாள்.

“வேணாம் தாத்தா. எங்க வீட்டுக்காரரு வேலைக்குப் போயிருக்காரு. அவரு வந்து சாப்பிட்டப்புறம்தான் நான் சாப்பிடுவேன்.”

மறதி நோய் என்று டாக்டர் சொல்லி அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. சாவி, அடுப்பு, மகளின் வயது என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. போகாமல் நின்றது ஒரு பழக்கம் மட்டும்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்கு முன்னால் சாப்பிட்டதே இல்லை. ரப்பர் தோட்டத்தில் அவள் பட்டையைக் கீறிப் பால் மரம் வெட்டிவிட்டு நண்பகலுக்குள் வீடு திரும்பிவிடுவாள். நான் எண்ணெய் ஆலைக்குப் போகும் செம்பனைக்குலை லாரியை ஓட்டிக்கொண்டு ஆடி அசைந்து மூன்று மணிக்கு வருவேன். அதுவரை பசியோடு உட்கார்ந்திருப்பாள். “உனக்கென்ன பைத்தியமா, பசிச்சா தின்ன வேண்டியதுதானே” என்று திட்டுவேன். உள்ளுக்குள் ராஜா மாதிரி இருக்கும். ஒரு நாளும் உண்மையாகத் திட்டவில்லை. அதை இப்போது நினைத்தால் என்னை நானே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

அவள் காத்திருந்தது கூடத்தில் தொங்கும் கல்யாணப் படத்திலுள்ள ஆளுக்காக. கரிய முடி, இறுகிய தாடை, மூக்குக்குக் கீழே அணில் வால் படுத்திருப்பதுபோல ஒரு மீசை. அந்த ஆள் நான்தான் என்று அடையாள அட்டையைக் காட்டினேன். அதிலுள்ள படத்தை நானே நம்பியதில்லை, அவள் எப்படி நம்புவாள்?

தேநீரும் பிஸ்கட்டும் மட்டும்தான் உள்ளே போயின; எடை குறைந்துகொண்டே போனது. வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அன்று வீட்டுக்கு வந்து படத்துக்கு முன்னால் நின்றேன். அவளுக்கு வேண்டியது இந்த ஆள். சரி, இந்த ஆளாகவே ஆகிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். லாரிக்குப் பழைய இஞ்சினைக் கழற்றிப் புதியது மாட்டியவன். ஒரு முகத்தை மாற்ற முடியாதா?

பினாங்கில் வேலை செய்யும் மகளிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறையச் சாமான்களோடு வந்தாள். சுருக்கத்துக்கு ஒரு கிரீம், கண்ணுக்குக் கீழே தடவ இன்னொன்று, தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொலாஜன் பொடி. அந்தப் பொடி மீன் கழுவிய தண்ணீரில் ஆரஞ்சுப் பழத்தைப் பிழிந்ததுபோல் இருந்தது. நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீயை விட்டேன். சீனியை விட்டேன். ஓட்ஸ் தின்றேன்; கோழிக்குத் தவிடு போட்ட காலமெல்லாம் கண்முன் வந்து போனது. காலையில் மனைவி எழுவதற்குள் தாமான் திடலை ஆறு சுற்று நடந்தேன். இரண்டாவது சுற்றிலேயே என்னைத் தாண்டிப் போன சீனக் கிழவி ஒருத்தி, “அங்கிள், பெலான் பெலான் லா” என்று மெதுவாகப் போகச் சொன்னாள். அவளுக்கு எண்பது இருக்கும்.

தலைக்கும் மீசைக்கும் சாயம் அடித்தேன். ஒரு மாதத்தில் தொப்பை கொஞ்சம் உள்ளே போனது. ஒரு மத்தியானம் தட்டோடு போய் நின்றேன்.

“அவரு இன்னும் வரல அண்ணே” என்றாள்.

அண்ணே! தாத்தாவிலிருந்து அண்ணே! ஒரு மாதத்தில் இரண்டு தலைமுறை இறங்கியிருந்தேன். இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்குள் கணவன் ஆகிவிடுவேன் என்று மகளுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு, அம்மா இன்றைக்காவது சாப்பிட்டாளா என்று கேட்டாள்.

அடுத்த வாரம் இன்னும் பெரிய காரியம் நடந்தது. என் முகத்தையே உற்றுப் பார்த்த மனைவி சட்டென்று சொன்னாள்.

“அண்ணே, உங்க மீசை எங்க வீட்டுக்காரரு மீசை மாதிரியே இருக்கு.”

“அப்படியா? அவரும் நல்ல ஆளாத்தான் இருப்பாரு.”

“ஆளு நல்லவருதான். வாய்தான் ஓயாது.”

சொல்லிவிட்டு, மீசையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். இரண்டு வாய் சோறு. மூன்றாவது வாய்க்கு, “அவரு வரட்டும்” என்று உதட்டை மூடிக்கொண்டாள். மீசை இரண்டு வாய் வாங்கிக் கொடுத்திருக்கிறது. மீதி முகமும் சரியாகிவிட்டால் தட்டே காலியாகும் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பேராசைதான் என்னை டவுனில் இருக்கும் அழகு நிலையத்துக்குக் கொண்டுபோனது.

அங்கே வேலை பார்த்த பெண், மீசையை விட்டுவிட்டு முகம் முழுக்கக் கறுப்பாக எதையோ பூசினாள். காய்ந்ததும் ஓரத்தைப் பிடித்து உரித்தாள். தோல் பளபளவென்று இறுகியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, இது நம் ஒட்டுப்பால்! வெட்டிய மரத்தில் வழிந்த பால் கத்தி கீறிய கோட்டிலேயே காய்ந்து நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, மறுநாள் அதை உரித்துவிட்டுத்தானே மரத்தை வெட்டுவார்கள், அதேதான். இதற்கா டவுனுக்கு வந்து ஏமாறுகிறேன்?

மெர்போக்கில் என் தோட்டத்துக் கூட்டாளி ஒருவன் இன்னும் சொந்த நிலத்தில் மரம் வெட்டுகிறான். மோட்டார் சைக்கிளில் போய், அன்று இறக்கிய பாலில் ஒரு போத்தல் கேட்டேன்.

“பாலு எதுக்குடா உனக்கு?”

“செருப்பு பிஞ்சி போச்சு. ஒட்டணும்.”

“ஒரு செருப்புக்கு ஒரு போத்தலா? யானைக்கா செருப்பு?”

போத்தலை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்கு வந்து, மீசைக்கும் புருவத்துக்கும் பாதுகாப்பாகத் தேங்காய் எண்ணெய் தடவினேன். வாயைச் சுற்றித்தான் சுருக்கம் அதிகம். அதனால் மீசையின் மேலேயும் சேர்த்துப் பாலைப் பூசினேன். பால் காட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். கையில் காய்ந்த பாலை உரித்தால் முடியும் சேர்ந்து வரும் என்று எங்கள் தோட்டத்து லய வீட்டுப் பூனைக்கும் தெரியும். எண்ணெய் காப்பாற்றும் என்று நம்பினேன். பிறகு கண்ணில் இரண்டு வெள்ளரித் துண்டுகளை வைத்துக்கொண்டு காற்றாடிக்குக் கீழே படுத்தேன். தூங்கிவிட்டேன்.

நெற்றி ஓரத்தில் ஒரு நகம் பட்டது. விழித்தேன். வெள்ளரித் துண்டு நழுவி விழ, என் தலைமாட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு கூர்மை. அப்படி அவளைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலிருக்கும். ஓரத்தை நெம்பி, இரண்டு விரலால் பிடித்து, மரத்துக் கோட்டில் உரிப்பதுபோலச் சாய்வாக இழுத்தாள். ஒரு நடுக்கம் இல்லை. காலையில் தன் பெயரைச் சொல்லத் தெரியாமல் அழுதவளின் கை.

“ம்மா, இரு, மெதுவா…” என்று சொல்லப் பார்த்தேன். வாய் ஒட்டியிருந்தது.

“கங்காணி வர்றதுக்குள்ள எடுத்துடணும்” என்றாள் தனக்குத்தானே.

நான் அவள் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. இருபத்தைந்து வருடம் அவள் மரம் வெட்டினாள். நான் ஒரு நாளாவது நின்று பார்த்ததில்லை. அப்போதுதான் பார்த்தேன். ஒரே இழுப்பு. புருவம் போனது. அடுத்த இழுப்பில் மீசை முழுதாக, வேரோடு வந்தது. என் கத்தல் மூன்று வீடு தள்ளிக் கேட்டதாம். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. உரித்த நாடாவைப் பந்தாகச் சுருட்டிக் கைலி மடிப்பில் பத்திரமாகச் செருகினாள். அதற்குள்தான் அணில் வால் இருந்தது.

வேலை முடிந்ததும் கூர்மை போய்விட்டது. சிவந்து வீங்கி, உரித்த கோழி மாதிரி இருந்த என் முகத்தைப் பார்த்து மிரண்டாள்.

“யாரு அக்கா நீங்க?”

தாத்தா ஆனேன், அண்ணன் ஆனேன், கடைசியில் அக்காவும் ஆகிவிட்டேன்.

அன்று இரண்டு வாயும் நின்றது. மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா, நான் கேட்கவில்லை. பிறகு புருவப் பென்சிலை எடுத்து, கல்யாணப் படத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு மீசை வரைந்தாள்.

“அசையாதீங்கப்பா. கோணலாப் போவுது.”

“கோணலாப் போனா என்ன, அந்தப் படத்துலயும் கோணல்தான்.”

தட்டோடு போனேன். அவள் என்னைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள். “கூத்துக்காரரு வந்திருக்காரு!” மாதக்கணக்கில் வராத சிரிப்பு. நானும் இரண்டு ஆட்டம் ஆடிக் காட்டினேன். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

கூட்டாளி விஷயம் தெரிந்து பார்க்க வந்தான். “செருப்பு ஒட்டுனியா, செருப்படி வாங்குனியா?” என்றான். அவளைப் பார்த்ததும் குரல் இறங்கியது. கொண்டுவந்த வாழைத்தாரை ஓரமாக வைத்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

மீசை வளர்வதற்கு ஏழு வாரம் ஆனது. முழு வெள்ளை. அதற்குள் அவளை இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி வழியாகச் சத்து ஏற்றினார்கள். தடவலாம் என்ற அளவுக்கு மீசை வந்த அன்றே சாயம் அடித்தேன். கல்யாணப் படத்திலுள்ளதுபோல வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டேன். மூன்று மணி ஆகும்வரை வாசலுக்கு வெளியே நின்று, லாரியிலிருந்து இறங்கி வருபவன்போல உள்ளே வந்தேன்.

“நான் வந்துட்டேன். சாப்பிடலாமா?”

அவள் பார்வை மீசையில் நிற்கவில்லை. கார் நிறுத்தும் இடத்திலும் நிற்கவில்லை. உண்மையில் எங்கேயும் நிற்கவில்லை. கரண்டியைப் பக்கத்தில் கொண்டுபோனேன். வாயைத் திறந்தாள். அடுத்த கரண்டிக்கும் திறந்தாள். தட்டு காலியானது.

அன்றிலிருந்து சாப்பிடுகிறாள். நான் ஊட்டினாலும் திறக்கிறாள், மகள் ஊட்டினாலும் திறக்கிறாள், ஒரு நாள் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் ஊட்டியபோதும் திறந்தாள். வெறும் கரண்டிக்கும் திறக்கிறாள். எடை ஏறியிருக்கிறது. டாக்டருக்குச் சந்தோஷம், மூக்குக்குக் குழாய் வேண்டாம் என்றார். யார் வருவதற்காகவும் அவள் இப்போது காத்திருப்பதில்லை.

சாயத்தை விட்டுவிட்டேன். கிரீம்களை மகள் எடுத்துப் போய்விட்டாள். ஒரு முறை தட்டை வைத்துக்கொண்டு, “தாத்தா வந்திருக்கேன்மா” என்றேன். அந்தப் பதவியாவது திரும்பக் கிடைக்குமா என்ற ஆசை. வாயை மட்டும் திறந்தாள்.

காலையில் ஆறு சுற்று நடப்பதை மட்டும் விடவில்லை. ஓட்ஸையும் தின்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு. இளமைக்காக இல்லை. கரண்டியைப் பிடிக்க ஒரு கை வேண்டும்; அது அவளைவிட ஒரு நாளாவது கூடுதலாக இருக்க வேண்டும். சீனக் கிழவி இன்னும் என்னை இரண்டாவது சுற்றில் தாண்டிப் போகிறாள். மூன்று மணிக்கு என் மனைவிக்கு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, அதே தட்டில் எனக்குப் போட்டுக்கொள்கிறேன். இப்போதெல்லாம் அவள் சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடுகிறேன்.