மணலுக்குள் ஒரு கை

மூளைக்காய்ச்சலில் பிழைத்த என் மகள் செலினுக்கு வலது கை அசையும். ஆனால் தொடுவது எதுவும் அதற்குத் தெரியாது, சூடு பட்டாலும்கூட. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் ஆக்குபேஷனல் தெரபி, கைக்கு வேலை பழக்கும் வைத்தியம் என்றார்கள். ஊசி, தைலம் என்று நினைத்துப் போனேன். அங்கே பயிற்சி கொடுக்கும் அம்மா, மணலில் சோழிகளைப் புதைத்து, பிள்ளையின் கண்ணைக் கட்டி, வலது கையால் தடவியே எடுக்கச் சொன்னார். "வீட்லயும் தினம் விளையாட விடுங்க. நீங்க எடுத்துக் குடுத்திராதீங்க."

எங்கள் கடற்கரை ஊர் புன்னைக்காயலில் மணலுக்கா பஞ்சம்? கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் மாவு போலக் கிடக்கும். ஒரு சட்டி அள்ளி வந்தேன்.

பல வாரமாகியும் சோழிக்கும் கல்லுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் புதுத் துறைமுக வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், துழாவிய கை சட்டென நின்றது.

"எம்மா, இது சோழி இல்ல."

"ஏளா, கல்லா இருக்கும்."

"இல்லம்மா. பல்லு."

உள்ளங்கையில் பெரிய ஆளின் கடைவாய்ப்பல். மணல் அள்ளிய இடம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளோ கண்கட்டோடு அதை நிதானமாகத் தடவி, "வேரு ரெண்டு இருக்கு" என்றாள். ஒன்றுமே தெரியாத அந்த வலது கையால்.

அன்றே மணலையும் பல்லையும் எடுத்த இடத்திலேயே சேர்த்து, மெழுகுவர்த்தி ஏற்றினேன். இப்போது ஆற்று மணலைச் சலித்துதான் போடுகிறேன். ஆனாலும் மணலுக்குள் அவள் கை நிற்கும்போது என் மூச்சும் நின்றுவிடுகிறது. அது என்னவென்று அவள் சொல்லும்வரை நான் எட்டிப் பார்ப்பதில்லை.